கம்பெனி நொடித்தால் யாருக்கெல்லாம் நஷ்டம்?

2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததுதான் ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம். பல ஆயிரம் ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி. வங்கிகளுக்கு 8,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன். மீண்டும் பறக்க வைக்க ஐந்து ஆண்டுகள் நடந்த முயற்சி பலிக்கவில்லை. சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கும்படி 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சிறுதொழில்கள் மூடுவது செய்தியாவதில்லை. பாதிப்பு மட்டும் அதே வழியில்தான் பரவுகிறது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனி படுத்துவிட்டால், நிட்டிங்காரருக்கு பில் பணம் நின்றுபோகும். அவர் சாயப்பட்டறைக்குக் கொடுத்த செக் திரும்பும். பவர் டேபிளில் தைக்கும் பெண்ணுக்கு சனிக்கிழமை சம்பளம் வராது. மளிகைக் கடையில் பாக்கி ஏறும். வராக்கடன் பெருகினால், அடுத்து வருகிற சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். அரசின் வரி வருவாயும் குறையும்.

நேர்மையாகத் தொழில் நடத்தி நஷ்டப்படுவது குற்றமல்ல. ஆனால் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து பலர் கந்துவட்டிக்குப் பணம் வாங்கிப் பழைய கடனை அடைக்கிறார்கள். சிலர் சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றுகிறார்கள். நஷ்டம் மோசடி வழக்காக மாறுவது இங்கேதான்.

சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இது குறித்து முறையிட வசதியாக்கக் கவுன்சில்கள் இருக்கின்றன. சரக்கு அனுப்புவதற்கு முன்பே ‘உத்யம்’ என்னும் சிறுதொழில் பதிவை முடித்திருப்பது அவசியம்.

ஊழியர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி கம்பெனி சொத்துகள் விற்கப்படும்போது, தொழிலாளர்களின் கடைசி 24 மாதச் சம்பள பாக்கி, அடமானம் பெற்ற வங்கிகளின் கடனுக்குச் சமமான வரிசையில் வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப், பி.எஃப். கணக்கு எண் மூன்றையும் பத்திரப்படுத்தி, உரிமைகோரலைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

முதலாளிக்குப் பெரிய ஆபத்து, தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து. கம்பெனியின் கடனுக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும் உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு தானாக நீங்கிவிடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடியிருக்கும் வீட்டை ஈடு வைப்பதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே வங்கிக் கிளையை அணுகி, 25 கோடி ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனைச் சீரமைக்கக் கேட்கலாம். 2016 முதல் இதற்கு ரிசர்வ் வங்கியின் நடைமுறை இருக்கிறது. திவால் சட்டத்தில் 2021-இல் வந்த, கடன் கொடுத்தவர்களோடு முன்கூட்டியே பேசித் தீர்வு காணும் முன்தொகுப்புத் தீர்வு முறையில், பேச்சுவார்த்தை நடக்கும் காலத்திலும் நிர்வாகம் பொதுவாக உரிமையாளர் கையிலேயே இருக்கும். அடமானச் சொத்தைக் கையகப்படுத்த வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தால், அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதையும் மீறி வங்கி சொத்தைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.