நாற்காலி மீட்ட பூங்கா



நியூயார்க் மாநகரின் நடுவே, மன்ஹாட்டனில், வானுயர்ந்த கட்டடங்களுக்கு இடையே இருக்கிறது பிரையன்ட் பூங்கா. 1970களில் அங்கே பகலில் நுழையவே மக்கள் அஞ்சினார்கள். போதைப்பொருள் விற்பவர்களின் கூடாரமாக இருந்தது அது.

காரணம் என்ன? வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் கவனித்துச் சொன்னார்: பூங்கா தெருவை விட உயரத்தில் இருக்கிறது, வேலியும் புதர்களும் உள்ளே நடப்பதை மறைக்கின்றன. கண் படாத இடத்தில்தான் குற்றம் வளர்கிறது.

1988இல் பூங்காவை மூடி வேலையைத் தொடங்கினார்கள். உயர்ந்த புதர்களை அகற்றினார்கள். புதிய நுழைவாயில்களைத் திறந்தார்கள். நிலையான பெஞ்சுகளை மட்டும் நம்பாமல், எடுத்து நகர்த்தக்கூடிய இலேசான நாற்காலிகளைப் போட்டார்கள். சங்கிலி கிடையாது. வெயிலோ நிழலோ, தனிமையோ அரட்டையோ, அவரவர் விருப்பப்படி இழுத்துப் போட்டு உட்காரலாம்.

1992இல் பூங்கா மீண்டும் திறந்தது. மதிய உணவு நேரத்தில் அலுவலக ஊழியர்களின் கூட்டம் அலைமோதியது. பூங்காவின் பெரிய புல்வெளிக்கு அடியில், நியூயார்க் பொது நூலகத்தின் புத்தகக் கிடங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அதே புல்வெளி பனிச்சறுக்குத் தளமாகிறது. பூங்காவைப் பராமரிப்பது லாப நோக்கற்ற ஓர் அமைப்பு. கழிப்பறைகளில்கூடப் புது மலர்கள் வைக்கிறார்கள்.

பூங்காவுக்குக் காவலர்கள் தேவைதான். ஆனால் அதை விடப் பெரிய காவல், அங்கே வந்து அமரும் மக்கள். உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் அடிக்கடி போய்வாருங்கள்.