குளிர்பதனப் பெட்டி ஏன் குளிரவில்லை?

மூடிய அறை ஒன்றில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து ஓடவிட்டால் அறை குளிருமா, சூடாகுமா? குளிரும் என்றே பலரும் விடை சொல்வார்கள். உண்மையில் அறை சூடாகும். ஏன் என்பது விளங்கிவிட்டால், வீட்டுப் பெட்டியில் ஏற்படும் கோளாறுகள் பலவற்றின் காரணமும் விளங்கிவிடும்.

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். கிணற்று நீரை மேலே ஏற்ற வேலை செய்ய வேண்டியிருப்பதைப்போல, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்கு வெப்பத்தை ஏற்றவும் வேலை செய்ய வேண்டும். அந்த வேலைக்குச் செலவாகும் மின்னாற்றலும் முடிவில் வெப்பமாகிறது. எனவே, உள்ளிருந்து எடுத்ததைவிட அதிகமான வெப்பமே அறைக்குள் வந்து சேருகிறது.

இந்த வெப்பத்தைச் சுமந்து செல்வது எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். முன்னாளில் ப்ரீயான்-12 என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரியவந்ததும், 1987இல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாகக் கைவிடப்பட்டது. இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் உள்ளது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுமார் -12 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் அதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலும் கொதிக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் ஆவியாக்கியில் இத்திரவம் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை உணவுப் பொருள்களிலிருந்து பெறுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்க, அது சூடேறுகிறது. பின்புறச் சுருள் குழாயில் வெப்பத்தை அறைக்கு விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு நுண்புழைக் குழாய் ஒன்றின் வழியே சென்று, அழுத்தம் குறைந்து, மறுபடியும் ஆவியாக்கியை அடைகிறது.

ஆகவே, பெட்டி சரியாகக் குளிரவில்லை என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெப்பத்தின் பயணம் எங்கே தடைப்படுகிறது?

1. பெட்டி ஓயாமல் ஓடுகிறது, குளிர்ச்சி போதவில்லை

சுருள் குழாயில் தூசி படிந்திருக்கலாம். பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கலாம். இரண்டாலும் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் துடையுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே சுமார் 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். புதிய பெட்டிகள் சிலவற்றில் இக்குழாய் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். அங்கே தொட்டால் இலேசாகச் சுடுவது கோளாறு அன்று. பெட்டி வேலை செய்வதன் அடையாளம்.

2. ப்ரீசரில் பனிக்கட்டி மண்டிவிட்டது

பனிக்கட்டி மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும் அல்லவா? இல்லை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பனிக்கட்டி ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். காற்று கலந்த வெண்பனியோ அதனினும் குறைவாகக் கடத்தும். ஆவியாக்கிக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடுகிறது! அரை செ.மீ. கனத்திற்கு மேல் பனி படியாமல், அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது. குழாயில் சிறு துளை விழுந்தாலும் வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஐசோபியூட்டேன் தீப்பற்றக் கூடியது என்பதையும் மறவாதீர்கள்.

3. இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது?

கதவு வழியாக வந்த ஈரக் காற்றிலிருந்துதான். ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது 540 கலோரிக்கும் மேலான வெப்பத்தை விடுகிறது. அந்த நீர் உறையும்போது மேலும் 80 கலோரி. இத்தனையையும் கம்ப்ரசர்தான் வெளியேற்ற வேண்டும். சூடான குழம்பை மூடாமல் உள்ளே வைப்பதும் இதே சுமையைத் தரும். கதவின் ரப்பர் பட்டையைச் சோதிக்க ஓர் எளிய வழி: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் உருவி வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. பட்டையைச் சோப்பு நீரால் துடைத்தும் சரியாகவில்லையென்றால் மாற்ற வேண்டும்.

4. மின்தடைக்குப் பின் ‘கிளிக்’ என்ற ஒலி, பெட்டி ஓடவில்லை

ஓட்டம் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். நுண்புழை வழியே இரண்டும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மின்சாரம் வந்தால், எதிர்க்கும் அழுத்தத்தை மீறி மோட்டாரால் சுழல முடியாது. பாதுகாப்புச் சாதனம் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகும் அதே ஒலி தொடர்ந்தால், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். அல்லது கம்ப்ரசர் பழுதாகியிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. தொட்டால் ‘ஷாக்’ அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ பெட்டியைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

இவையெல்லாம் மின்கட்டணத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. கெட்டுப்போன உணவு தோற்றத்தில் நல்ல உணவு போலவே இருக்கலாம். பல வீடுகளில் பெரியவர்களின் இன்சுலின் மருந்தும் இப்பெட்டியில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆகையால் அதை ப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியை நீங்களே சோதிக்கலாம். ஒரு தம்ளர் நீரை நடுத்தட்டில் வைத்து, ஆய்வகத்தில் பயன்படும் வெப்பமானி ஒன்றை அதில் இட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் 5 டிகிரியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காட்டினால் கவலையில்லை. அதிகமாகக் காட்டினால், மெக்கானிக்கை அழைக்குமுன் தூசி, பனி, கதவு ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.