புழுதியை வாசலோடு நிறுத்தும் பெட்டி

பழைய டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போட்ட வீட்டில், எல்லாம் கூட்டித் துடைத்த மறுநாளும் மேசை மேல் விரலால் கோடு இழுக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த மணலும் தூளும் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். சில மைக்ரான் அளவே உள்ள துகள் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, பிறகுதான் மெல்ல இறங்கும். மூக்கில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போவதும் அதுதான். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் எதை வெட்டினாலும் அந்தத் துகளில் சிலிகா கலந்திருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் புகும் படிகச் சிலிகாவை 1997இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

இந்தப் புழுதியைச் சமாளிக்க அமெரிக்கா போன்ற நாடுகளில் மராமத்து ஒப்பந்ததாரர்கள் கொண்டுவரும் கருவி ஏர் ஸ்க்ரப்பர். நம் ஊர் வீட்டு வேலைகளில் அதை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பெட்டி, அதற்குள் வலுவான விசிறி, விசிறிக்கு முன்னால் அடுக்கடுக்காக ஃபில்டர்கள். முதல் அடுக்கு பெருந்தூளைத் தடுக்கும். கடைசியில் உள்ள ஹெபா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். பிடிபடுவதற்கே மிகச் சிரமமான அளவு அது என்பதால்தான் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய துகள் இழைகளில் மோதி நின்றுவிடும். சிறியது தாறுமாறாக அலைந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும். 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களை அடக்குவதற்காக உருவான நுட்பம் இது. தின்னர், வார்னிஷ் வாடை மட்டும் இதில் நிற்காது. அது வாயு, அதற்குத் தனியாக ஆக்டிவேட்டட் கார்பன் அடுக்கு வேண்டும்.

கருவியை அறை நடுவே வைத்து சுவிட்சைப் போட்டால் அங்குள்ள காற்று சுத்தமாகும், உண்மைதான். ஆனால் அதன் பெரிய பலன் வேறு. வேலை நடக்கும் அறையைக் கனத்த பாலித்தீன் ஷீட்டால் அடைத்து, ஏசியை அணைத்து மூடி, கருவியிலிருந்து வெளிவரும் காற்றைக் குழாய் மூலம் ஜன்னலுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று அதிகமாவதால் அறையில் அழுத்தம் குறையும். பிறகு எந்த இடுக்கு வழியாகவும் காற்று உள்ளே வருமே தவிர, புழுதியோடு வெளியே போகாது. சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஷீட்டின் ஓரத்தில் பிடித்தால் புகை அறைக்குள் இழுபட வேண்டும்; ஷீட்டும் உட்புறமாகப் புடைத்து நிற்கும். ஒரு முக்கிய எச்சரிக்கை: அந்த இழுப்புக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதை அணைத்தே வைக்க வேண்டும். வெளியே போக வேண்டிய அதன் நச்சுப்புகையும் வீட்டுக்குள் திரும்பிவிடும்.

மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு உயிர் காக்கும் விஷயம். பழைய சுவரையும் ஃபால்ஸ் சீலிங்கையும் உடைக்கும்போது ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் கிளம்பும். இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான். நல்ல உடம்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவருக்கு நுரையீரலில் அது உயிர்க்கொல்லித் தொற்றாகலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டுமானப் பகுதியைத் தடுப்பிட்டுப் பிரித்து, அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்கிறது.

எவ்வளவு பெரிய கருவி தேவை என்பது எளிய கணக்கு. 12 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரமுள்ள அறையில் 1,800 கன அடிக் காற்று இருக்கும். அதை மணிக்கு ஆறு முறை மாற்ற, நிமிடத்துக்கு 180 கன அடி இழுக்க வேண்டும். அந்த வேகத்தில், புழுதி கிளம்புவது நின்ற பிறகு மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 46 நிமிடம் ஆகும். பன்னிரண்டு முறை மாற்றினால் 23 நிமிடம். ஆட்கள் கிளம்பியதும் கருவியை அணைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஃபில்டர் அடைத்தால் இழுப்பு குறையும். முன் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஹெபாவைத் தட்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினால் இழைகள் கிழிந்து பயனற்றுப் போகும்.

தரையில் படிந்துவிட்ட தூளை இந்தப் பெட்டி எடுக்காது. பழைய கதவு, ஜன்னல், கிரில் விஷயத்தில் இது கவனிக்க வேண்டியது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூள் பறக்கலாம். தவழும் குழந்தையின் கை வழியே அது வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்ப்பதும், துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியால் துடைப்பதும் அவசியம்.

கட்டிங் மெஷினைப் பிடித்திருப்பவருக்கும் பெட்டி முழுப் பாதுகாப்பு அல்ல. அறைக் காற்று மாறுவதற்குள் பிளேடிலிருந்து கிளம்பும் தூள் அவர் முகத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் 2016இல் வந்த சிலிகா விதி, எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிகா இருக்கக் கூடாது என்கிறது. கையடக்க ரம்பத்தால் கல்லையோ கான்கிரீட்டையோ வெட்டுவோருக்கு அது காட்டும் நேர்வழி, பிளேடின் மேல் தொடர்ந்து தண்ணீர் விழச் செய்வது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டும் தொழிலாளிக்கு அந்தத் தண்ணீரையும் ஒரு என்95 மாஸ்க்கையும் கொடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரப்பர் வாடகை பற்றிப் பேச வேண்டும்.