நடுவில் மட்டும் ஏன் தேய்கிறது?

மாணவர்களே, மாவைச் சல்லடையின் நடுவிலேயே கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நடுக் கம்பிகள்தாம் முதலில் தேயும். ஓரம் புதிதாகவே இருந்தாலும், நடுவில் ஓட்டை விழுந்துவிட்டால் சல்லடை பயன்படாது. விண்வெளியில் செல்லும் அயனி எஞ்சினுக்கும் இதே தொல்லை உண்டு.

1998-இல் நாசா செலுத்திய ‘டீப் ஸ்பேஸ் 1’ விண்கலத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அயனி எஞ்சின் இருந்தது. அதன் அறைக்குள் பாயும் எலெக்ட்ரான்கள் செனான் வாயுவின் அணுக்களைத் தாக்குகின்றன. அடிபட்ட அணு ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த இந்நிலையே பிளாஸ்மா. அறையின் வாயில் சுமார் 15,000 துளைகள் கொண்ட உலோகத் தட்டுகள் உள்ளன. அவற்றில் செலுத்தப்படும் உயர் மின்னழுத்தம் அயனிகளை வெளியே வீசுகிறது, கலம் முன்னேறுகிறது. உந்துவிசை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 92 மில்லிநியூட்டன். அதாவது, சுமார் 9 கிராம் பொருளின் எடை! ஆகவே எஞ்சின் ஆண்டுக்கணக்கில் உழைத்தால்தான் பயன்.

இதன் மாற்று எஞ்சின் ஒன்றை வெற்றிட அறையில் வைத்து, 2003 வரை 30,352 மணி நேரம் இயக்கிப் பார்த்தார்கள். தட்டுகளின் நடுப்பகுதியே அதிகம் தேய்ந்திருந்தது. காரணம் என்ன? ஒவ்வொரு திருத்தத்தையும் இப்படிச் சோதிப்பதென்றால், ஒருமுறைக்கு மூன்றரை ஆண்டுகள் ஆகுமே!

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வந்தது. ரிச்சர்ட் விர்ஸ், ஐரா காட்ஸ் என்ற அறிவியலாளர்கள் அறையையே கணக்காக மாற்றினர். வேகமான எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும் பாதையைக் கணிப்பொறி படிப்படியாகப் பின்தொடர்ந்தது. அயனிகள் பரவுவதைத் தனிச் சமன்பாடு கணித்தது. 2005-இல் விடை வெளிவந்தது.

எலெக்ட்ரான்கள் சுவரில் மோதி வீணாகாமல் காக்கவே அறையைச் சுற்றிக் காந்தங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஆனால், அந்தக் காந்தப்புலம் அவற்றை நடு அச்சருகே அளவுக்கு மீறிப் பிடித்து வைத்துவிட்டது! அதனால் அங்கே அயனிகள் நெருக்கமாயின. ஏற்கெனவே அயனியான அணு மறுபடியும் அடிபட்டு, இரண்டாவது எலெக்ட்ரானையும் இழந்தது. இந்த இரட்டை மின்னூட்ட அயனி, அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு ஆற்றல் பெற்றுத் தட்டில் மோதும். உலோகத்தை வேகமாக அரிக்கும்.

அப்படியானால் மருந்து? காந்தப்புலத்தின் வடிவத்தை மாற்றி, எலெக்ட்ரான்களை ஓரங்களுக்கும் பரவ விடுவது. அவ்வாறு செய்தால் பிளாஸ்மா சீராகும் என்று அதே கணக்கு காட்டியது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. இரட்டை அயனியின் ஆற்றல் இரு மடங்கு என்றோம். அதன் வேகமும் இரு மடங்காகுமா? இயக்க ஆற்றலின் சூத்திரத்தை எழுதிப் பாருங்கள்.