சாதகமும் சலிப்பும்

மாலையில் விளக்கேற்றிய பின்னர் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து வயலினின் ஒலியோ வீணையின் ஒலியோ எழுவதைக் கேட்டிருப்பர். சற்று நின்று செவிகொடுத்தால், அவ்வொலி ஒரே வழியிற் சென்று, ஒரே இடத்தில் இடறி, மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புவதையும் உணர்வர். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ இடறியதும் ஒலி நின்றுவிடும். அங்கே என்ன நிகழ்ந்தது என்பதை இசை பயின்ற எவரும் அறிவர். அவ்வாறு வில்லைக் கீழே வைக்கச் செய்யும் சலிப்பு எதனால் வருகின்றது, அதனை எவ்வாறு வெல்லலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

என் தமக்கையின் மகள் ஒருத்தி, வயது பதினான்கு. ஆறு ஆண்டுகளாக வயலின் பயில்பவள். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது அவளது வாத்தியம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேற் பாடப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஐந்து வாரங்களாக அதனை அவள் திறக்கவில்லை என்று தமக்கையார் வருத்தத்தோடு கூறினார். பிள்ளையை அழைத்துக் காரணம் வினவினேன்.

"எனக்குச் சங்கீதம் வராது, மாமா. அந்த வர்ணத்தை இரண்டாங் காலத்தில் நூறு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். வயலினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

அவள் கூற்றில் இரு பகுதிகள் உள. நூறு தரம் வாசித்தேன் என்பது நிகழ்ச்சி. சங்கீதம் வராது என்பது அதிலிருந்து அவள் கொண்ட முடிபு. அந்நிகழ்ச்சியிலிருந்து இம்முடிபு பெறப்படுமா என்பதே நாம் ஆராய வேண்டியது.

களைப்பு வேறு, சலிப்பு வேறு. வயலில் நாள் முழுவதும் உழைத்தவன் களைத்திருப்பான்; ஆயினும் உழுத நிலம் அவன் கண்முன் விரிந்து கிடப்பதால் அவனுக்குச் சலிப்பு உண்டாவதில்லை. உழைப்புச் செல்கின்றது, பயன் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் விளங்கவில்லை என்னும் நிலையிலேயே சலிப்புப் பிறக்கின்றது. காரணம் புலப்படாதபோது மனிதன் தன்னையே காரணமாக்கிக்கொள்கின்றான். "இந்த இடம் வரவில்லை" என்று தொடங்கிய எண்ணம், "எனக்கு எதுவும் வராது" என்று முடிகின்றது. ஆகவே சலிப்புக்கு மருந்து தேடுவோர், முதலில் அந்த இடம் எது என்பதைத் தேட வேண்டும்.

பிள்ளை வாசித்த வர்ணம் பைரவி இராகத்து விரிபோணி வர்ணம். பதினெட்டாம் நூற்றாண்டிற் பச்சிமிரியம் ஆதியப்பையர் இயற்றியது அது. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகளுக்கு அவர் ஆசிரியராக விளங்கினார் என்பர். இவ்வர்ணம் அமைந்த கண்டசாதி அடதாளம், ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று பகுக்கப்பட்ட 14 அட்சரங்களை உடையது. கருநாடக இசை பயிலும் மாணவர் சரளி வரிசை, அலங்காரம், கீதம் முதலியவற்றைக் கடந்து, ஆதிதாள வர்ணங்களையும் பயின்ற பின்னரே இத்தகைய அடதாள வர்ணத்துக்கு வருவர். இங்கே இடறுவது எவருக்கும் புதிதன்று.

"எந்த இடத்திற் பிழைக்கின்றது?" என்று கேட்டேன். "இரண்டாங் காலம் முழுவதும்" என்றாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். முழுவதும் பிழைக்கவில்லை. பஞ்சமத்திலிருந்து தைவதம், நிஷாதம் வழியாக மேற்சட்சத்தைத் தொட்டு, அவ்வழியே உடனே கீழிறங்கும் ஓரிடத்திலேயே கை தடுமாறிற்று. பின் வந்த தடுமாற்றங்களெல்லாம் அந்த ஒன்றினால் தாளம் தவறியதன் விளைவு.

அவ்விடத்தில் உள்ள சிக்கல் யாது? பைரவி இராகத்தில் ஏறும்போது சதுச்சுருதி தைவதம் வரும். இறங்கும்போது சுத்த தைவதம் வரும். பெயர் ஒன்று, இடம் இரண்டு. நம்மவர் வயலினில் மிக மெல்லிய தந்தியை மத்திய பஞ்சமத்துக்குச் சுருதி சேர்ப்பர். அத்தந்தியில் முதல் விரலே இவ்விரு தைவதங்களையும் பிடிக்க வேண்டும். முழு அளவுள்ள வயலினில் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1.7 சென்ரிமீற்றர். ஏறும்போது மேலிடத்தில் நின்ற விரல், மேற்சட்சத்தைத் தொட்டு மீளும் கணப்பொழுதுக்குள், அத்தூரம் பின்வாங்கி நிற்க வேண்டும். பிள்ளையின் விரல் பின்வாங்கவில்லை.

பின்னர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த ஏழெட்டுச் சுரங்களை வாயாற் பாடச் சொன்னேன். அவள் பாடியபோதும் இறங்கும் தைவதம் ஏறும் தைவதமாகவே ஒலித்தது! குற்றம் விரலிலன்று, அதற்கு முன்னே செவியில் இருந்தது. செவி வேறுபடுத்தி அறியாத ஒன்றை விரல் எங்ஙனம் அறியும்? மிருதங்கமும் தவிலும் பயில்வோர் சொற்கட்டை முதலில் வாயாற் சொல்லிப் பின்னரே கையால் வாசிக்கும் மரபு இதனாலேயே உண்டாயிற்று.

இனி, நூறு தரம் வாசித்ததனாற் பயன் ஏன் விளையவில்லை என்பதைக் காண்போம். அவள் ஒவ்வொரு தரமும் தொடக்கத்திலிருந்து வந்தாள். எளிய பகுதி நூறு தரம் நன்கு பயிலப்பட்டது. அரிய பகுதி நூறு தரம் பிழையாகப் பயிலப்பட்டது. கைக்குச் சரி, பிழை என்னும் வேறுபாடு தெரியாது. எதனை அடிக்கடி செய்கின்றோமோ அதனையே அது கற்றுக்கொள்கின்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மையே. ஆயின் அம்மியை விட்டுச் சுவரை அடித்தால் அம்மி நகராது.

ஆகவே செய்யத்தக்கது இதுவாகும். பிழைக்கும் இடத்தை நான்கைந்து சுரங்கள் கொண்ட சிறு துண்டாக வெட்டியெடுக்க வேண்டும். அதனை முதலில் வாயாற் பாட வேண்டும். பின்னர், பிழைவிட இயலாத அளவுக்கு மெதுவாக வாசிக்க வேண்டும். மெதுவாக என்றால், அடுத்த சுரத்துக்குரிய இடத்தை மனம் கண்டபின்னரே விரல் அங்கே செல்லுமளவுக்கு என்று கொள்க. துண்டு சரியாக வந்ததும் முன்னே இரண்டு சுரம், பின்னே இரண்டு சுரம் சேர்க்க வேண்டும். இச்சேர்க்கையைப் பலர் மறந்துவிடுகின்றனர். துண்டு தனியே நன்றாக வரும். முழுவதிலும் வைத்ததும் மீண்டும் இடறும். தையல் பிரிவது துணியின் நடுவிலன்று, இணைத்த ஓரத்திலேயே.

அடுத்து, காலம் பற்றிய சிக்கல். முதற் காலத்திலிருந்து இரண்டாங் காலத்துக்குச் செல்லும்போது தாளத்தின் நடை மாறுவதில்லை. சுரங்கள் இருமடங்கு விரைவாகின்றன. இடையே வேறு படி இல்லை. ஏணியின் நடுப்படிகளைக் கழற்றிவிட்டு மேற்படிக்குத் தாவுக என்பது போன்றது இது. அப்படிகளை நாமே அமைத்துக்கொள்ளலாம். தாளத்தையே மெதுவாக்கினாற் போதும். நிமிடத்துக்கு 60 தட்டு என்னும் நடையில் முதற் காலம் வாசிக்க வல்லவருக்கு, நிமிடத்துக்கு 30 தட்டு என்னும் நடையில் இரண்டாங் காலம் வாசிப்பது கைக்கு அதே வேகந்தான். அங்கிருந்து 33, 36, 39 என்று சிறிது சிறிதாக ஏறலாம். தொடர்ந்து மூன்று தரம் பிழையின்றி வந்தாலன்றி அடுத்த படிக்கு ஏறலாகாது; பிழைத்தால் ஒரு படி இறங்குதல் வேண்டும். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெற்றோனோம் கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றது. முப்பது தட்டில் தாளத்தைப் பிடித்து நிற்பது கடினமாயின், கருவியை 60 இல் வைத்து, இரு தட்டுக்கு ஓர் அட்சரம் என்று எண்ணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். இரண்டாங் காலம் என்பது முதற் காலத்தை விரைவாக்கியது மாத்திரமன்று. முதற் காலத்திற் பைரவியின் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விரிந்த அசைவோடு பிடிக்க இடமுண்டு. இரண்டாங் காலத்தில் அவ்வசைவு சுருங்க வேண்டும். சில சுரங்களுக்கு ஒரு சிறு தொடுகையே போதும். இதனை அறியாத மாணவர் முதற் காலத்துக் கமகம் முழுவதையும் இரண்டாங் காலத்துக்குச் சுமந்து செல்கின்றனர். விரல் மந்தமென்று அவர்கள் நினைக்கின்றனர்; விரலோ இரட்டைச் சுமையோடு ஓடுகின்றது. ஆசிரியரிடம், "இவ்விடத்தில் இரண்டாங் காலத்துக்கு எவ்வளவு அசைவு வேண்டும்?" என்று கேட்டறிவது பல நாள் துன்பத்தைக் குறைக்கும்.

சினம் உடலிலும் வேலை செய்கின்றது. நம்மவர் தரையில் அமர்ந்து வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின்மேற் சாய்த்து வாசிப்பது, இடக்கை வாத்தியத்தைத் தாங்கும் சுமையின்றித் தந்தியின்மேல் வழுக்கிச் செல்வதற்காகவே. சினம் வந்ததும் இடக்கைப் பெருவிரல் வாத்தியத்தின் கழுத்தை இறுகப் பற்றுகின்றது, தோள் உயர்கின்றது, வில் தந்தியை அழுத்துகின்றது. இறுகிய கை விரைந்து நகராது. நகராமையாற் பிழை, பிழையாற் சினம், சினத்தால் மேலும் இறுக்கம் என்று ஒரு வட்டம் உண்டாகின்றது. அவ்வட்டத்தினுள் அகப்பட்டபின் வாசிப்பது சாதகமாகாது. வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்து சிறிது நடப்பதே அப்போது செய்யத்தக்கது. அது தோல்வியன்று, பிழையைப் பயிலாமல் தப்புவதாகும்.

ஓய்வின் பயனை ஆராய்ச்சியாளரும் எடுத்துக் காட்டியுள்ளனர். 1993 ஆம் ஆண்டில் உளவியலறிஞர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடன் உழைத்தோரும் பெர்லின் நகரில் இசை பயின்ற வயலின் மாணவரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். மிகச் சிறந்த மாணவர் மற்றையோரினும் மிகுதியாகச் சாதகம் செய்தவரென்பது அதிற் புலனாயிற்று. ஆயின் அவர்கள் அதனை இடையறாது செய்யவில்லை, இடையிடையே ஓய்வு கொண்டனர், நன்கு உறங்கினர், பகலிலும் சிறிது துயின்றனர். விரல்கள் ஒரு வரிசையைப் பழகிய பின்னர் உறங்கி எழுந்தால், அவ்வரிசை மேலும் செம்மையாக வருவதைப் பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே ஓரிடத்தை ஒரே மாலையில் இரண்டு மணி நேரம் போராடி வெல்ல முயல்வதினும், நாள்தோறும் பத்து நிமிடமாகப் பன்னிரண்டு நாள் பயில்வது நன்று. இன்று இரவு வராதது நாளைக் காலையில் வரக்கூடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இடறும்போது பக்கத்து அறையிலிருந்து, "கவனமில்லை", "அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படி வாசிக்கிறது பார்" என்னும் குரல் எழுவதுண்டு. பிள்ளை தன்மீது ஏற்றிக்கொண்ட குற்றத்தை அக்குரல் உறுதிப்படுத்துகின்றது. இசையறியாத பெற்றோரும் நன்மை செய்யலாம். "எந்த இடத்திலே நிற்கிறது?" என்று கேட்டாற் போதும். அக்கேள்விக்கு விடை கூறுவதற்காகவேனும் பிள்ளை தன் வாசிப்பைக் கூர்ந்து கேட்கும்.

இவ்வழியால் எல்லாம் இலகுவாகிவிடும் என்று நான் கூறவில்லை. சில இடங்கள் மாதக்கணக்கில் வாரா. கை வளர்ந்த பின்னரே வருவனவும் உள. அத்தகையவற்றை ஒதுக்கிவைத்து வேறு உருப்படி பயிற்றுவது நல்லாசிரியர் இயல்பு. மேலும், இசையில் உண்மையாகவே நாட்டமில்லாத பிள்ளை அதனை விடுவதிற் குற்றமுமில்லை. ஆயின் நாட்டமுள்ள பிள்ளை, ஒரு தைவதத்தின் பொருட்டு இசை முழுவதையும் துறப்பது பேரிழப்பாகும். "இறங்கும் தைவதம் பிழைக்கின்றது" என்பது எவ்வளவு சிறிய குறை! "எனக்குச் சங்கீதம் வராது" என்பது எவ்வளவு பெரிய தீர்ப்பு! முன்னையது தெரியாமையாலேயே பின்னையது பிறந்தது.

அன்று மாலை நாங்கள் வர்ணத்தை வாசிக்கவில்லை. பஞ்சமம், தைவதம், நிஷாதம், சட்சம் என்று ஏறி, அவ்வழியே இறங்குவதை மாத்திரம் பாடினோம். இரு தைவதங்களும் இரண்டாகச் செவியிற் பட்ட பின்னர் அவள் தானாகவே வில்லை எடுத்தாள். மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். வர்ணம் முற்றுப் பெற்றிருக்கவில்லை. தாளம் இன்னும் 48 தட்டிலேயே இருந்தது. பெட்டியோ திறந்து கிடந்தது.

"தைவதம் சரி, மாமா. இப்போது வேறோரிடத்தில் நிற்கிறது. நிஷாதத்தை நீளமாகப் பிடித்துவிட்டு அடுத்த சுரத்துக்குப் பிந்திப் போகிறேன்" என்றாள்.

தன் பிழையை இவ்வளவு தெளிவாகச் சொல்லக் கற்ற பிள்ளைக்கு நான் மேலும் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. இன்று மாலை சாதகத்துக்கு அமரும் இளைஞரும், அவரோடு இருக்கும் பெற்றோரும், இடறியவுடன் தொடக்கத்துக்கு ஓடாமல் அந்த இடத்திலேயே சற்று நின்று, எது பிழைத்தது என்று அமைதியாகக் கேட்டுப் பார்ப்பார்களாக. பதறாத காரியம் சிதறாது.