லென்ஸ் இல்லாத மைக்ராஸ்கோப்

மைக்ராஸ்கோப் என்றால் அதற்கு லென்ஸ் என்னும் கண்ணாடி வில்லை இன்றியமையாதது என்றே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்பிவந்தது. அந்த நம்பிக்கையை விஞ்ஞானிகள் தகர்த்துவிட்டார்கள். இதை வெறும் வேடிக்கைச் செய்தியாகக் கருதலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஐதோகன் ஓஸ்ஜானும் அவருடைய சகாக்களும் 2010-ம் வருஷத்தில் ஒரு கருவியை வெளியிட்டார்கள். அதன் எடை சுமார் 46 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். சிறு விளக்கொன்றின் ஒளி நுண்ணிய துளை வழியாக வந்து, இரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டின்மேல் விழுகிறது. தகட்டை ஒட்டினாற்போல், காமிராவில் உள்ளது போன்ற ஒளியுணரும் சில்லு இருக்கிறது. இரத்த அணுக்களில் பட்டுச் சிதறிய ஒளியும், படாமல் நேரே வந்த ஒளியும் கலந்து, சில்லின்மீது வளைய வளையமான நிழல்களாகப் பதிகின்றன. அவற்றிலிருந்து அணுக்களின் உருவத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தருகிறது. 1948-ல் டென்னிஸ் கேபர் வெளியிட்டதும், 1971-ல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்ததுமான ஹோலோகிராபி தத்துவமே இதற்கு ஆதாரம். வில்லை செய்துவந்த வேலையை இங்கே கணிதம் செய்கிறது.

இதனால் விளையும் நன்மை யாது? மலேரியாவை நிச்சயிக்க இரத்தத்தைப் பரிசோதித்தாக வேண்டும். நோயோ குடிசையில் இருக்கிறது. நல்ல மைக்ராஸ்கோப்போ பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பரிசோதனையின்றி ஊகத்தின்பேரில் மருந்து கொடுத்தால், மருந்தும் வீண். உண்மையான வியாதியும் மறைந்திருந்து வளரும். மேலும், ஆற்றல் மிக்க லென்ஸ் ஒரு சமயத்தில் சிறு புள்ளியளவு இடத்தையே காட்டும். இச்சில்லோ சுமார் 24 சதுர மில்லிமீட்டர் பரப்பை ஒருங்கே பார்த்துவிடுகிறது. எண்ணற்ற அணுக்களின் நடுவே ஒன்றிரண்டைத் தேடுவோருக்கு இது சிறிய உதவியன்று.

ஆனால், உற்சாகத்தில் நிதானத்தை இழக்கலாகாது. அதி நுண்ணிய விவரங்களைக் காட்டுவதில் உயர்ந்த லென்ஸ் கருவிக்கு இந்த 46 கிராம் கருவி ஈடாகாது. கணக்கிட்டுப் பெறும் உருவமாதலால், கணக்குப் பிழைத்தால் நோய் நிர்ணயமும் பிழைத்துவிடும். ஆகையால் பழைய கருவியுடன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதை நம்பவேண்டும்.

விஞ்ஞானிகள் கருவியைச் சிறிதாக்கிவிட்டார்கள். அதைச் சோதித்து, கையாளத் தெரிந்தவரையும் மருந்தையும் சேர்த்து ஏழையின் வாசலுக்கு அனுப்பவேண்டியவை சர்க்கார்களே. அதை வற்புறுத்திக் கேட்கவேண்டியது பொதுமக்களின் கடமை.