நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு கழிவு?

மலேசியாவின் கேமரன் மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. நனைந்த கொழுந்தை நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும். ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பது தேயிலைத் தொழிலில் பழைய வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இழுபறி.

"மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை திருப்தியா?" என்று தோட்டத் தொழிலாளர்களிடம் லயம் லயமாகக் கேட்கப் போகும் ஆய்வாளருக்கும் இதே தலைவலிதான். பதிலில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு அன்றைய ஈரம்?

1983-இல் ஷ்வார்ஸ், குளோர் என்ற இருவர் அமெரிக்காவில் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தனர். வெயில் நாளில் திருப்தி கூடியது, மழை நாளில் குறைந்தது. பாடப்புத்தகம் வரை ஏறிய முடிவு இது. ஆனால் 2013-இல் லூகாஸும் லாலெஸும் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் பதில்களை வானிலைப் பதிவோடு ஒத்துப் பார்த்தபோது, மழையின் கைவரிசை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அசல் ஈரம் முந்தைய கேள்வியில் இருக்கிறது. ஹாட்லி கேன்ட்ரில் 1965-இல் தந்த ஏணியைத்தான் கேலப் நிறுவனம் உலகெங்கும் பயன்படுத்துகிறது: அடியில் 0, உச்சியில் 10, நீங்கள் எந்தப் படியில்? 2008-இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் தினமும் ஆயிரம் பேரிடம் கேட்கத் தொடங்கியது. அந்தப் பதில்களை ஆராய்ந்த பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், அரசியல் கேள்விகளுக்குப் பிறகு ஏணியை நீட்டினால் மக்கள் சுமார் 0.6 படி இறங்கிவிடுவதைக் கண்டார். வாழ்க்கை மாறவில்லை, கேள்வியின் வரிசைதான் மாறியது. தோட்டத்தில் முதலில் சம்பளத்தையும் கூரை ஒழுகலையும் விசாரித்துவிட்டுத் திருப்தியைக் கேட்டால் என்ன வரும் என்று சொல்லவா வேண்டும்? பக்கத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நின்றால் கதை தலைகீழ்.

ஒரே கேள்வியை நம்பாதவர்களுக்கு எட் டீனர் குழுவின் 1985 அளவுகோல் இருக்கிறது. ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் இரு பதில்களின் ஒட்டுறவு 0.82. ஒற்றைக் கேள்வியை இரண்டே வாரத்தில் திரும்பக் கேட்ட குரூகர், ஷ்கேட் ஆய்வில் கிடைத்ததோ 0.59. ஐந்து வாக்கியங்களில் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. இந்த அளவுகோலின் மலாய் வடிவமும் 2009-இல் சோதிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் மொழிச் சிக்கல் அதோடு தீர்வதில்லை. வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் வேலை செய்யும் மலை இது. தமிழ்ப் பாட்டி ஒருவரைக் கேட்டால், "ஏதோ ஓடுதுய்யா" என்பார். அது 4-ஆ, 6-ஆ? கணக்கெடுப்பவர் தாமாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டால் அது அவருடைய திருப்தி. கேன்ட்ரில் ஏணியைப் படமாகவே காட்டினார். அதை நீட்டிப் பாட்டியையே விரல் வைக்கச் சொல்லலாம், மண்டோர் எடை போடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.